கொட்டகையில் பயின்ற குரல்



சென்ற மாதம் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா பற்றிப் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. வடையும் தேநீரும் முடியும் வரை எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். அதன் பிறகு பேச்சு நாடகத்தில் வந்து நின்றது. "இந்த முறை நாடகம் வேண்டாம் அண்ணை. பிள்ளையளுக்கு வசனம் பாடமாக்க எங்க நேரம்? ஒரு பாட்டைப் போட்டுவிட்டா நாலு பிள்ளையள் ஆடுங்கள். பாக்கவும் நல்லா இருக்கும்" என்றார் ஒரு தாய். பலர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு வேலை பார்க்கும் பெற்றோர், புது மொழியில் தவிக்கும் பிள்ளைகள், சனிக்கிழமை மட்டும் கிடைக்கும் வாடகை மண்டபம். நானும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் தொடர்மாடியில் மேல் தட்டில் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா இருக்கிறார். மாலையில் அவர் வீட்டுப் பாட்டுச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் இறங்கும். அன்று படிக்கட்டில் கண்டபோது, யார் இப்படிப் பாடுவது என்று கேட்டேன். அல்லா புகச்சோவா என்றார். 1975 இல் பல்கேரியாவில் நடந்த ‘பொன் ஓர்ஃபியஸ்’ பாட்டுப் போட்டியில் ஒரு கோமாளியின் பாட்டைப் பாடி முதற் பரிசு பெற்றவராம். பாட்டின் நடுவில் கோமாளியாகவே மாறிச் சிரிப்பாராம். அந்த அம்மா அதை எனக்குப் படிக்கட்டில் நின்றே நடித்துக் காட்டினார். பரிசெல்லாம் பெற்ற பிறகும் அந்தப் பாடகி மொஸ்கோவின் நாடகக் கலைக் கல்லூரியில் நெறியாள்கை படித்து, 1981 இல் தேறினார் என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களிடம் அப்படி யாராவது உண்டா? நாடகம் படித்துவிட்டுப் பாட வந்தவர்கள்?" என்று கேட்டார்.

கேள்வி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. எங்கள் பழைய பாடகர்களில் நாடகம் படிக்காமல் பாட வந்தவர் யார் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! கிட்டப்பா, தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, டி.ஆர். மகாலிங்கம் என்று எல்லோருமே கொட்டகையில் வளர்ந்தவர்கள். ஆனால் அந்தப் படிக்கட்டில் என் நினைவுக்கு முதலில் வந்த பெயர் கே.பி. சுந்தராம்பாள். இந்த மாதம் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

பெயரின் முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ‘கே’ என்பது காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி என்ற ஊர். ‘பி’ என்பது தாயார் பாலாம்பாள். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் எங்கள் வழக்கத்தில், இந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் தாய்தான் நிற்கிறார். 1908 இல் பிறந்த சுந்தராம்பாள் சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். குடும்பத்தை வறுமை பிடித்தது. பிள்ளை ரயில் பெட்டிகளில் ஏறிப் பாடிக் காசு வாங்கினாள். இன்று நாங்கள் பாட்டு வகுப்புக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகிறோமே, அந்த வயது.

ரயிலின் இரைச்சலை மீறிப் பாடி இந்தச் சிறுமி பயணிகளின் காதைத் தன் பக்கம் திருப்பினாள் என்றால் அந்தத் தொண்டை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குரல் அவளை வேலு நாயரின் நாடகக் கம்பனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ‘நல்லதங்காள்’ நாடகத்தில் ஒரு பிள்ளை வேடம். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியிடம் அவமானப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழும் தாயின் கதை அது. பசியால் அழும் பிள்ளையாக மேடையில் நின்று பாடிய சிறுமிக்குப் பசி என்பது யாரும் சொல்லிக் கொடுத்த பாடம் அல்ல. சபை அழுதது.

நாடகக் கம்பனி என்றதும் இன்றைய பிள்ளைகள் ஏதோ பொழுதுபோக்குக் குழு என்று நினைப்பார்கள். அது ஒரு பள்ளிக்கூடம். கொஞ்சம் கொடுமையான பள்ளிக்கூடம் என்றும் சொல்லலாம். ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். சாப்பாடும் படுக்கையும் கம்பனியில். விடியற்காலையில் எழுப்பிக் குரல் சாதகம், பிறகு பாடம், பிறகு ஆட்டம், இரவில் நாடகம். பிழை விட்டால் அடி. மதுரையில் 1918 இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையில் இப்படிப் பயின்றவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். 1922 இல் மறைந்த அந்தச் சுவாமிகள் எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களை வைத்துக்கொண்டு தமிழ் மேடை அதன் பிறகும் பல தலைமுறை பிழைத்தது.

கம்பனியில் தேறியவர்கள் அடுத்து இறங்கிய களம் ‘ஸ்பெஷல் நாடகம்’. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் சுந்தராம்பாளின் குரலை உருவாக்கியது அதுதான். ஓர் ஊரில் நாடகம் வைக்க விரும்புகிறவர் ஒரு கம்பனியை முழுதாக அழைப்பதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. சில வேளை ஒருவரை ஒருவர் முதன்முதலாகக் காண்பதே மேடைக்குப் பின்னால்தான். இரவு பத்து மணியளவில் ஆர்மோனியம் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாடமும் பாட்டும் மட்டுமே. மற்றதெல்லாம் அந்தந்த இரவில் அவரவர் சாமர்த்தியம்.

வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் காவல் காக்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருகிறான். இருவருக்கும் தர்க்கம். அவன் ஒரு பாட்டுப் பாடினால் இவள் அதே மெட்டில் மடக்க வேண்டும். அவன் ஒரு கேள்வி போட்டால் இவள் வசனத்திலேயே பதில் சொல்லி, மூச்சு விடாமல் பாட்டுக்குள் புக வேண்டும். எதிரே நிற்பவர் கெட்டிக்காரராக இருந்து நீங்கள் பதில் தெரியாமல் நின்றால் சபை கைகொட்டிச் சிரிக்கும். ஒரு பாட்டுக்கு சபை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால், திரும்பவும் பாட வேண்டும், அதே மாதிரி அல்ல, முன்னையதை விட நன்றாக.

இவ்வளவும் மைக் இல்லாமல். காஸ் விளக்கு வெளிச்சத்தில், ஆயிரம் பேருக்கு நடுவில், குழந்தைகளின் அழுகையும் சுண்டல்காரனின் கூவலும் கேட்கும் இடத்தில். கடைசி வரிசையில் தரையில் குந்தியிருப்பவனுக்கு ஒரு சொல் விளங்காவிட்டால் அவன் கூச்சல் போடுவான். அதனால் அன்றைய நடிகர்கள் உச்சக் கட்டையில் பாடினார்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தின் சுருதிக் கணக்கு. கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். நாடக மேடையில் ராஜபார்ட்டுகள் நான்கு, ஐந்து கட்டைக்கு ஏறினார்கள். பெண்ணும் ஆணும் ஒரே சுருதியில் நின்று மோத முடிந்தது அதனால்தான். குரலை ஏற்றினால் சொல் உடையும், அது இயல்பு. உச்சத்தில் நின்று கொண்டே ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துச் சொல்வதுதான் அந்தப் பள்ளியின் தேர்வு. சுந்தராம்பாளின் எந்தப் பதிவை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள். எழுதி எடுக்கலாம். ஒரு சொல்லுக்குக்கூட "என்ன பாடினார்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியதில்லை.

இந்த நாடகக்காரர்களின் நாடு சென்னை மாகாணத்தோடு முடிந்துவிடவில்லை. தமிழன் எங்கெல்லாம் கூலிக்கும் வியாபாரத்துக்கும் போனானோ அங்கெல்லாம் கப்பலில் நாடகமும் போனது. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன். எம்.ஜி.ஆர். கூட இளம் வயதில் நாடகக் குழுவோடு இரங்கூன் போய் நடித்தவர்தான். இன்று யாங்கூன் என்று சொல்லப்படும் அந்த நகரத்தில் 1931 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நான்கு இலட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். செட்டிமாரின் வட்டிக் கடைகள், துறைமுகத்துக் கூலிகள், 1871 இல் தமிழர் எழுப்பிய காளி கோயில் என்று நகரத்தின் ஒரு பகுதி எங்கள் ஊர் போலவே இருந்தது.

என் பெரியம்மா சம்பந்தம் செய்த வீட்டார் ஒரு காலம் இரங்கூனில் கடை வைத்திருந்தவர்கள். அந்த வீட்டுப் பாட்டி கிட்டப்பா, சுந்தராம்பாள் இசைத்தட்டுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். தட்டு ஒன்றுமே கையில் இல்லை. 1941 டிசம்பர் 23 ஆம் திகதி ஜப்பானியக் குண்டுகள் இரங்கூனில் விழுந்தன. அடுத்த மார்ச் மாதம் நகரம் வீழ்ந்தது. அந்தச் சில மாதங்களில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டுப் புறப்பட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர் கப்பலில், கிடைக்காதவர் அரக்கான் மலைகளையும் அசாம் காடுகளையும் கால்நடையாகக் கடந்து. பல்லாயிரம் பேர் வழியில் மாண்டார்கள். பாட்டி வீட்டார் நடந்தவர்கள். கிராமபோன் பெட்டியை மேசையில் வைத்து, துணி போட்டு மூடி, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்களாம். சாவி நெடுநாள் வீட்டில் கிடந்தது. இதை வாசிக்கும் பலர் வீட்டிலும் அப்படி ஒரு சாவி கிடக்கும் என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

சுந்தராம்பாளுக்கு வருவோம். அவரை வளர்த்த மேடைகளில் எங்கள் இலங்கைக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுமியாகக் கம்பனியோடு கொழும்பில் வந்து இறங்கியவர், இலங்கையில் நடித்தபடியே பெரிய ஸ்திரீபார்ட்டாக வளர்ந்தார். ராஜபார்ட் வேடமும் போட்டார், கள்ளபார்ட்டும் போட்டார். பெண் என்பதால் பெண் வேடம்தான் என்று அவர் நின்றதில்லை. அவர் வாழ்க்கையைத் திருப்பிய சந்திப்பும் கொழும்பில்தான் நடந்தது. 1926 இல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் அங்கே வந்தார். அவருக்கு அப்போது இருபது வயது. சுந்தராம்பாளுக்கு பதினெட்டு. கன்னையா கம்பனியில் புகழ் பெற்ற கிட்டப்பாவின் குரல் மேல் ஸ்தாயியில் மின்னல் போலப் பாயும் என்று கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இருவரையும் வள்ளி திருமணத்தில் எதிரெதிரே நிறுத்தினார்கள். மேடையில் மோதிய இரண்டு குரல்கள் மேடைக்கு வெளியே இணைந்தன. 1927 இல் இருவரும் வாழ்க்கையில் சேர்ந்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஊரில் மனைவி இருந்தார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. இதைத் தெய்வீகக் காதல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த வீட்டில் இருந்த பெண்ணை யாரும் கேட்டு எழுதவில்லை.

இருவரும் சேர்ந்து நடித்த சில ஆண்டுகள் தமிழ் நாடக மேடையின் உச்சம். இசைத்தட்டுகளும் விற்றன. ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்தான் ஓடும் அந்தத் தட்டில், விடிய விடியப் பாடிப் பழகியவர்கள் தங்களை எப்படி அடக்கினார்கள் என்பதே ஆச்சரியம். பாட்டு வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். கொட்டகைக்குப் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்ட வீட்டுப் பெண்கள் அவர்களைக் கேட்டது அப்போதுதான். ‘பொப்’ பாடகர் என்று இன்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அன்றைக்கு அந்த இடம் இவர்களுடையது.

ஆனால் நிலைக்கவில்லை. குடியும் நோயும் மனத்தாங்கலும் இடையில் வந்தன. 1933 டிசம்பர் 2 ஆம் திகதி கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைச் சேலை கட்டினார், நகையைக் கழற்றினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று தீர்மானித்தார். சாகும் வரை அதை மாற்றவில்லை.

ஒரு நிமிடம் யோசியுங்கள். தொழிலே ஜோடி நடிப்பு. வள்ளி என்றால் முருகன் வேண்டும், பவளக்கொடி என்றால் அர்ச்சுனன் வேண்டும். அதை வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒரு ஸ்திரீபார்ட்டுக்கு என்ன மிச்சம்? இருபத்தைந்து வயதில், தாயும் உறவும் தன்னை நம்பியிருக்க, அவர் கையில் இருந்தது குரல் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு அவர் வேறு வாசல்களைத் தட்டினார்.

முதல் வாசல் கச்சேரியும் தேசிய மேடையும். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரை அரசியல் கூட்டங்களுக்கு அழைத்து வந்தார். ஒலிபெருக்கி அருமையாக இருந்த காலத்தில், திறந்த வெளியில் கூடிய கூட்டத்தை அடக்கி இருத்தத் தெரிந்த குரல் ஓர் இயக்கத்துக்கு எவ்வளவு பெறுமதி என்று சத்தியமூர்த்திக்குத் தெரியும், அவரும் நாடகம் ஆடியவர்தானே.

இரண்டாவது வாசல் சினிமா. ‘பக்த நந்தனார்’ படம் எடுக்க விரும்பிய ஹஸன்தாஸ் அவரிடம் வந்தார். வேண்டாம் என்று நேரே சொல்ல மனமில்லாமல், வந்தவர் திரும்பிப் போகட்டும் என்று ஒரு இலட்சம் ரூபாய் கேட்டாராம். ஒரு பவுண் பொன் சில பத்து ரூபாய்களுக்கு விற்ற காலம் அது. ஹஸன்தாஸ் சம்மதித்துவிட்டார்! 1935 இல் படம் வந்தது. சுந்தராம்பாள் போட்டது நந்தனார் வேடம், ஆண் வேடம். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஜோடி இல்லாத கதையில், அதுவும் ஆணாக நடித்ததால் தன் தீர்மானமும் உடையவில்லை. கொட்டகையில் ராஜபார்ட் போட்ட பழக்கம் இங்கே கைகொடுத்தது. படம் எப்படி என்று கேட்டால், பெரிதாகச் சொல்வதற்கில்லை. பனைமரமும் எருமையும் நன்றாக நடித்தன என்ற தோரணையில் கல்கி கிண்டல் செய்தார். கமராவுக்கு முன்னால் எப்படி அசைய வேண்டும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. பாட்டு மட்டும் நின்றது.

அடுத்து 1940 இல் ‘மணிமேகலை’. துறவி வேடம். அதன் பிறகு நெடுங்காலம் படம் இல்லை. 1951 இல் அவர் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். பின்னாளில் தமிழ்நாட்டுச் சட்டசபையைச் சினிமாக்காரர்கள் நிறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். திரையுலகிலிருந்து இந்தியச் சட்டமன்றம் ஒன்றுக்குள் முதலில் போனவர் ரயிலில் பாடிய இந்தப் பெண்.

1953 இல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் ‘ஔவையார்’ எடுத்தார். கொத்தமங்கலம் சுப்பு நெறியாள்கை செய்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு நாற்பத்தைந்து வயதுதான். ஆனால் தமிழ் உலகத்துக்கு அன்று முதல் ஔவை என்றால் அவர் முகம்தான். இன்று பார்த்தால் படம் நீளம், யானைக் கூட்டம் கோட்டையை உடைக்கும் காட்சியெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கும். இருந்தும் அவர் வாயைத் திறக்கும் இடமெல்லாம் கண்ணை எடுக்க முடியாது. வசனம் எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பேசிக்கொண்டே இருப்பவர் ஒரு சொல்லை இழுப்பார், அது பாட்டாகியிருக்கும். வள்ளி திருமணத் தர்க்கத்தில் பழகிய வித்தை அது. பின்னணிப் பாடகர் ஒருவர் பாட, நடிகை வாயசைக்கும் முறை வந்துவிட்ட காலத்தில், நடிப்பதும் பாடுவதும் ஒரே உடம்பாக நின்ற கடைசி ஆட்களில் ஒருவர் இவர்.

1964 இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள். 1965 இல் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவை. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானம் செய்ய வரும் கிழவியாக அவர் நிற்கும் காட்சியை எங்கள் ஊர்த் திருவிழாக்களில் எத்தனை முறை ஒலிபெருக்கியில் கேட்டிருப்போம்! அதைத் தொடர்ந்து ‘மகாகவி காளிதாஸ்’, ‘கந்தன் கருணை’. 1969 இல் வந்த ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காக இந்திய அரசின் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளம் பாடகிகள் மைக்குக்கு அருகில் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், மைக்கை விட்டு விலகி நிற்க வேண்டிய குரலுக்குப் பரிசு போனது. 1970 இல் பத்மஸ்ரீ. 1980 இல் காலமானார்.

எண்ணிப் பார்த்தால் அவருடைய தொழில் வாழ்க்கை பல முறை அறுந்து பல முறை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பொருத்தியது கொட்டகையில் படித்த அதே பாடம்தான். சொல் தெளிவாக இருக்க வேண்டும், கடைசி வரிசைக்குப் போக வேண்டும், எதிரே நிற்பவர் என்ன சொன்னாலும் பதில் இருக்க வேண்டும்.

இந்தப் பாடம் எங்கள் ஊருக்கும் வந்தது. தமிழ்நாட்டுக் குழுக்கள் யாழ்ப்பாணத்தில் வந்து ஆடி, எங்களவர்கள் பார்த்துப் பழகி, ‘கொட்டகைக் கூத்து’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு இசை நாடகம் என்றார்கள். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்துவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1989 இல் காலமான அவர் அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடினால் கோயில் வீதியில் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். அப்பா என்னைத் தோளில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பாட்டு நினைவில்லை. தோளில் தூங்கி விழுந்தும், அந்தக் குரல் ஏறும்போதெல்லாம் திடுக்கிட்டு விழித்தது நினைவிருக்கிறது. பின்னாளில் இலங்கைத் தமிழ்ப் பொப் இசையில் கொடி கட்டிய ‘சிலோன்’ ஏ.ஈ. மனோகரனும் பாட்டோடு நிற்காமல் படங்களில் நடித்தவர். 2018 இல் சென்னையில் காலமானார். எங்கள் பொப்பும் நடிப்பை விட்டுத் தனியாக இருந்ததில்லை.

இதையெல்லாம் மேல் வீட்டு அம்மாவுக்கு என் அரைகுறை மொழியில் சொல்லி, கைத்தொலைபேசியில் ‘திருவிளையாடல்’ காட்சியைப் போட்டும் காட்டினேன். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. முழுதும் பார்த்துவிட்டு, "இந்தக் கிழவி யாரையோ வீட்டுக்குக் கூப்பிடுகிறாள், அவன் வர மாட்டேன் என்கிறான், சரிதானே?" என்றார். சரிதான் என்றேன்.

அடுத்த கூட்டத்தில் நான் வாய் திறந்தேன். நாடகத்தை விட வேண்டாம், முழு நாடகமும் வேண்டாம், வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கம் மட்டும் இருபது நிமிடம் போடுவோம் என்று கேட்டேன். பாட்டுப் போட்டு ஆடும் பிள்ளைகளும் ஆடட்டும். ஆனால் தட்டில் ஓடும் பாட்டுக்கு ஆடும் பிள்ளை வாயைத் திறக்கத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இன்று குறைவது அதுதான். வகுப்பில் புது மொழியில் பிழை விடுவோம் என்று வாய் மூடி இருக்கிறார்கள், வீட்டில் தமிழில் பிழை விடுவோம் என்று வாய் மூடி இருக்கிறார்கள். சபைக்கு முன்னால் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கத் தமிழில் ஒருவரோடு வாதாட ஒரு பிள்ளைக்கு வேறு எங்கே இடம் கிடைக்கும்?

நீண்ட நேரம் பேசினோம். நேரமில்லை என்று முதலில் சொன்ன அந்தத் தாய்தான் கடைசியில், "மைக் வேண்டாமெண்டு சொல்லுறீங்கள், எங்கட பிள்ளையின்ர சத்தம் எனக்கே கேக்கிறேல்லை" என்றார். கேட்கும் வரை பழக்குவோம் என்று சொல்லி முடித்தோம்.

முதல் ஒத்திகை முடிந்துவிட்டது. வந்து நான்கு மாதமே ஆன ஒரு சிறுமி வள்ளியாக நிற்கிறாள். பாடசாலையில் இன்னும் யாரோடும் பேசுவதில்லையாம். குருவி விரட்டும் இடம் வந்ததும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் கராத்தே பழகிக்கொண்டிருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். வேடன் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவரே போடலாம்.

ஒத்திகை சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு, அதே மண்டபத்தில். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பாடசாலையில் பெயரைக் கொடுங்கள். பெட்டி இருக்கிறது, துருத்தி மட்டும் தைக்க வேண்டும்.